திங்கட்கிழமை எடை

நாற்பது டன் லாரியை ஒரு விரல் அசைவில் நிறுத்தி, "இறங்குய்யா கீழே" என்று சொல்லத் தெரிந்த பெண்மணிக்கு, தன் உடம்பில் ஒன்பது கிலோவை இறக்கத் தெரியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த எடை மேடையில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. கண்ணாடி போட்ட சின்ன அறை, சுழல் நாற்காலி, சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, சீட்டு அடிக்கும் பிரிண்டர். ஜன்னலுக்கு வெளியே லாரி ஏறும் இரும்பு மேடை. டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.

லாரி முதலில் காலியாக மேடை ஏறும். பிறகு சரக்கோடு ஏறும். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் சரக்கின் எடை. காலி வண்டியின் எடையைக் குறைத்துக் காட்டிவிட்டால், ஏற்றாத சரக்கையும் ஏற்றியதாகக் காட்டலாம். அதற்காக டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. மேடை ஏறுவதற்கு முன் தண்ணீர் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். ஸ்டெப்னி டயரைக் கழற்றிப் புதருக்குள் படுக்க வைப்பார்கள். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்து விசில் அடிப்பார்கள்.

"அக்கா, ஒரு ஐம்பது கிலோ கண்டுக்காதீங்க" என்பான் மொட்டை. பத்து வருஷமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறவன்.

"மொட்டை, உன் தலையில முடி இருந்திருந்தா அதையும் எடை போட்டுத்தான் அனுப்பியிருப்பேன். போ, போய் டயரைத் தூக்கிட்டு வா."

அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எந்த வண்டியும் போனதில்லை. அப்படிப்பட்டவளைத்தான் அந்த வருஷம் எடை பழி வாங்கியது.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயசு இளையவன். லிப்ட் மெக்கானிக். மாடி மாடியாக இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்த ஆள், ஒரு நாள் நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். கண் மஞ்சள், கால் வீக்கம், வயிற்றில் நீர். குடியைத் தொட்டே பார்க்காதவனின் கல்லீரலை ஏதோ ஒரு கிருமி பல வருஷமாகச் சத்தமில்லாமல் தின்று தீர்த்திருந்தது.

"மாற்றுக் கல்லீரல் வைக்கிறது ஒண்ணுதான் வழி" என்றார் டாக்டர். "நெருங்கின சொந்தத்துல யாராவது பாதியைக் கொடுத்தா போதும். கொடுத்தவங்களுக்கும் வளர்ந்துடும், வாங்கினவருக்கும் வளர்ந்துடும்."

தம்பி மனைவியின் ரத்த வகை பொருந்தவில்லை. மகளுக்குப் பதினோரு வயசு. அக்காவுக்குப் பொருந்தியது. தராசக்கா அந்த இடத்திலேயே முழங்கையை நீட்டிவிட்டாள், ஏதோ அப்போதே ஊசி போட்டு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கின் முன் பிடித்தார்.

"வயசு நாற்பத்தொன்பது, அது பரவாயில்ல. ஆனா உங்க கல்லீரல்ல கால்வாசி கொழுப்பு. இதை வெட்டி வச்சா அவருக்கும் வேலை செய்யாது, உங்க உயிருக்கும் ஆபத்து."

"குறைக்க முடியுமா டாக்டர்?"

"முடியும். கல்லீரல் மாதிரி பெரிய மனசு உடம்புல வேற எதுக்கும் கிடையாது. எட்டு வாரம் ஒழுங்கா இருந்தா எல்லாத்தையும் மன்னிச்சிடும். ஒன்பது கிலோ குறைச்சுட்டு வாங்க, திரும்பவும் ஸ்கேன் பண்ணுவோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கு எடை முக்கியமில்ல, கொழுப்புதான் முக்கியம். கொழுப்பு கரையுதான்னு வெளியில தெரியறதுக்கு எடை ஒரு அடையாளம், அவ்வளவுதான். நடுவுல எடை இறங்கலைன்னா உடனே சொல்லுங்க. வேற வழி பார்க்க எனக்கு நேரம் வேணும்."

இவ்வளவில் தராசக்கா காதில் விழுந்தது ஒன்றுதான். ஒன்பது கிலோ. பதினாறு வருஷம் எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்த காது அது.

அன்று சாயங்காலம் தம்பி படுக்கையில் சாய்ந்தபடி சிரித்தான்.

"அக்கா, நீ ஏறினா நான் லிப்ட்ல இருந்து ரெண்டு பேரை இறக்கிவிடுவேன். உன் கல்லீரலை எனக்குள்ள வச்சா ஓவர்லோடு ஆயிடாதா?"

"ஆகட்டுமே. அப்பவாவது பைக்கை மெதுவா ஓட்டுவே."

"ஒன்பது கிலோக்கா! உனக்கு ஒன்பது பிஸ்கட்டை விடவே மனசு வராதே."

"போடா. எண்ணிக்கிட்டு இரு. எட்டே வாரம்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து கணவனையும் எழுப்பினாள். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியே தலை நரைத்தவர். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தார்.

"முதல் கிலோமீட்டருக்குப் பத்தொன்பது நிமிஷம். பிரேக் டவுன் வண்டிகூட இதைவிட வேகமா வரும்."

"உங்க வாயைத் தள்ளிக்கிட்டு நடக்கறதாலதான் எனக்கு மூச்சு வாங்குது."

சர்க்கரை போனது. எண்ணெய் போனது. கேபினில் மேஜை இழுப்பறைக்குள் சீட்டுக் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை மொட்டைக்குத் தானம் செய்தாள். மதியத்துக்கு வேகவைத்த காய், ஒரு முட்டை, வெள்ளரிக்காய். முழங்கால் இரண்டும் வீங்கின. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் மருத்துவமனையில் எடை பார்க்க வேண்டும். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் இளம் பெண்ணை எல்லோரும் டயட் மேடம் என்பார்கள். மெலிந்த உடம்பு, கனிவான குரல். எண்பத்திரண்டு கிலோவில் ஆரம்பித்தவள், முதல் திங்கள் எண்பது புள்ளி ஒன்று. இரண்டாவது திங்கள் எழுபத்தெட்டு புள்ளி எட்டு.

"சூப்பர் அக்கா! உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல."

வெளியே வருவதற்குள் தம்பி மனைவியின் போன் வந்துவிடும்.

"எவ்வளவு அண்ணி?"

"எழுபத்தெட்டு புள்ளி எட்டு."

அந்தப் பக்கம் அவள் காலண்டரில் எழுதிக்கொள்ளும் பேனாச் சத்தம்கூடக் கேட்கும். "அவர்கிட்ட சொல்றேன் அண்ணி. உங்க நம்பரைக் கேட்டாத்தான் அவருக்கு முகமே தெளியுது."

மூன்றாவது வாரம் உடம்பு வேலை நிறுத்தம் செய்தது.

அதே நடை, அதே காய், அதே முட்டை. வீட்டு எடைக் கருவியின் முள் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாற்பத்தொன்பது வயசு உடம்பு அது. மாதவிலக்கு வருவதும் போவதும் தெரியாமல் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த சமயம். திடீரென்று காது மடல் வரை கொதிக்கும், அடுத்த நிமிஷம் வியர்த்துக் குளிரும். தூக்கம் மூன்று மணியோடு முறிந்துவிடும். பஞ்சம் வந்துவிட்டது என்று பயந்த உடம்பு, உள்ளே வந்த ஒவ்வொரு பருக்கையையும் கஞ்சன் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஒரு மதியம் வண்டி வராத நேரம் பார்த்து எடை மேடைமேலேயே ஏறி நின்றாள். பெட்டியில் எண்பது என்று விழுந்தது. அதற்குக் கீழ் அடுத்த எண் அறுபதுதான். இருபது இருபதாக மட்டுமே எண்ணத் தெரிந்த மேடை அது.

ஓரமாக வண்டியைப் போட்டுக்கொண்டிருந்த மொட்டை விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அறுபது டன் மேடையில நின்னு உங்க அரைக் கிலோவைத் தேடறீங்களே! கடல்ல விழுந்த கடுகைத் தேடற கதையா இருக்கு."

"சிரிக்காதடா. வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக் கருவியில் எழுபத்தொன்பது புள்ளி ஒன்று. இறங்கவில்லை என்பது போக, ஏறியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினாள், எதிரியைக் கிள்ளுவதுபோல.

அப்போதுதான் தம்பி மனைவியின் போன்.

"அண்ணி, நேத்து வயித்துல இருந்து நாலு லிட்டர் தண்ணி எடுத்தாங்க. ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறாரு. 'நாளைக்கு அக்கா எடை சொல்லட்டும், அப்புறம் சாப்பிடறேன்'னு குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறாரு. நீங்க நல்ல நம்பரா சொல்லுங்க அண்ணி, ஒரு வாயாவது ஊட்டிடறேன்."

போனை வைத்தாள். நல்ல நம்பர். அலமாரி மேல் கணவனின் ரத்த அழுத்த மாத்திரை டப்பா இருந்தது. அதில் ஒரு பட்டை, உடம்பில் இருக்கும் நீரை இறக்கும் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் கணவன் டிப்போவில் அரை மணிக்கு ஒரு தரம் ஓடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு மேடை ஏறுவது எப்படி என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டுமா?

இரண்டு மாத்திரை போட்டாள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டாள். இருப்பதிலேயே மெல்லிய உடுப்பு. கடிகாரம், தோடு எல்லாம் வீட்டில்.

எழுபத்தேழு புள்ளி நாலு.

"பார்த்தீங்களா அக்கா, விடாம இறங்குது!" என்று கை தட்டினாள் டயட் மேடம்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அது போதவில்லை, இன்னொன்று வாங்கினாள். அரை மணியில் போன்.

"அண்ணி! ரெண்டு ரொட்டித் துண்டு, ஒரு கிண்ணம் சூப். சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாரு. 'என் அக்கா சொன்னா செய்வா'ன்னாரு."

தராசக்கா நடைபாதையில் நின்று அழுதாள். அடுத்த வாரம் நிஜமாகவே இறக்கிவிடுவேன், ஒரே ஒரு வாரம்தான், யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்கிற எல்லோரும் முதல் பொய்யோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைக்கிறார்கள்.

அடுத்த திங்கள் எழுபத்தேழு புள்ளி நாலுக்குக் கீழே வர வேண்டுமே! நிஜ எடை எழுபத்தொன்பதில் உட்கார்ந்திருந்தது. ஆகவே இன்னும் ஒரு மாத்திரை கூட. சனிக்கிழமையே பட்டினி. மலம் இளக்கும் மருந்து. திங்கட்கிழமை மேடையில் எண் விழும். செவ்வாய் புதன் வந்தால் இரண்டு நாள் காய்ந்த உடம்பு பேய் பிடித்த மாதிரி சாப்பாட்டைக் கேட்கும். அடுப்படியில் நின்றபடியே, பாத்திரத்தில் இருந்து கையாலேயே அள்ளித் தின்பாள். தின்றுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். வியாழன் வெள்ளி நடப்பாள். சனிக்கிழமை மறுபடி பீப்பாயைக் கவிழ்ப்பாள். நெல்லிக்காய் மூட்டையைக் கட்டின கதைதான். இந்தப் பக்கம் கட்டினால் அந்தப் பக்கம் சிதறியது.

ஐந்தாவது திங்கள் எழுபத்தைந்து புள்ளி ஒன்பது. அவள் மேடையில் நிற்கும்போதே டயட் மேடத்துக்கு ஒரு போன் வந்தது.

"ஆமா டாக்டர், அந்த அக்கா இங்கதான் இருக்காங்க. கச்சிதமா இறங்கிட்டு வர்றாங்க. கவலையே வேண்டாம், வேற ஏற்பாடு எதுவும் தேவைப்படாது." போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

தராசக்காவும் சிரித்தாள். தலை சுற்றியதால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கணவன் கண்டுபிடித்தது ஆறாவது வாரத்தில்.

"ஒரு மாசத்துக்கு வாங்கின பட்டை பத்து நாள்ல தீர்ந்துடுச்சு. மருந்துக் கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்க்கறான். நீ எடுக்கறியா?"

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"கேட்கறேன்ல?"

"எடுத்தேன். என்ன இப்போ?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "லாரிக்காரன் ஒரு டயரை ஒளிச்சா சீட்டு கொடுக்க மாட்டேன்னு ரோட்டுல நின்னு சண்டை போடுவே. நீ பண்றது என்ன?"

"அவன் சரக்குக்காகப் பண்றான். நான் என் தம்பிக்காகப் பண்றேன்."

"தம்பிக்கு உள்ளே வைக்கப் போறது உன் எடைச் சீட்டையா? கல்லீரலைத்தானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு யாருக்குப் பரிமாறப் போறே? டாக்டர்கிட்ட சொல்லிடு. நானும் கூட வர்றேன்."

"சொன்னா?" அவள் அவர் எதிரே வந்து நின்றாள். "சொன்னா என்னைத் தள்ளிடுவாங்க. என்னைத் தள்ளிட்டா அவனுக்கு வேற யாரு இருக்கா? நான் ஒருத்திதான் இருக்கேன். நம்பர் கேட்டாத்தான் அவன் சாப்பிடறான். இன்னும் ரெண்டு வாரம். நடந்துகிட்டுதானே இருக்கேன்? உள்ளே கரையாமலா இருக்கும்? கொஞ்சமாவது கரைஞ்சிருக்கும்."

அவர் எழுந்து அலமாரி மேலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டார். அன்று முதல் மாத்திரை டப்பாவைத் தன் பையிலேயே கொண்டு போனார். டாக்டரிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவள் வேறு கடையில் வாங்கிக்கொண்டாள்.

எட்டாவது திங்கள். எழுபத்துமூன்று புள்ளி இரண்டு. இலக்கு எழுபத்துமூன்று. ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்தால் உள்ளே குதித்துவிடுவாள் போலிருந்தது அவளுக்கு. டயட் மேடம் அவளைக் கட்டிப்பிடித்தாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "மதியம் ரெண்டு மணிக்கு டாக்டரைப் பாருங்க" என்றார்கள்.

தம்பி அதே கட்டிடத்தின் நாலாவது மாடியில் படுத்திருந்தான். போன வாரம்தான் காய்ச்சல் வந்து சேர்த்திருந்தார்கள். முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே போகலாம் என்று அவள் கீழேயே காத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு டாக்டர் அறையில் டயட் மேடமும் இருந்தாள். மேஜைமேல் இரண்டு ஸ்கேன் படங்கள். டாக்டர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"ஒன்பது கிலோ குறைஞ்சவங்களோட கல்லீரல் இல்ல இது" என்றார். "இருபத்தஞ்சு சதவீதம் கொழுப்பு இருந்தது. இப்போ இருபத்திரண்டு. பத்துக்குக் கீழே வந்திருக்கணும். அது போகட்டும். சிறுநீரகம் தண்ணி இல்லாம அடி வாங்கிக் கிடக்கு. ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறா இருக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

பதினாறு வருஷத்தில் எத்தனை டிரைவர்களிடம் அவள் இதே குரலில் கேட்டிருப்பாள், டயர் எங்கே என்று! அவர்கள் எல்லோரும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். அவளும் தரையைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது வாரத்திலிருந்து, ஒரு மாத்திரை விடாமல்.

டயட் மேடம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா... அஞ்சாவது வாரம் ஒரு போன் வந்துதே, ஞாபகம் இருக்கா? வேற ஒரு குடும்பம் இருந்தது அக்கா. அங்க ஒரு அம்மாவுக்குக் கல்லீரல் வேணும், அவங்க பையனோடது அவங்களுக்குப் பொருந்தல. ஆனா உங்க தம்பிக்குப் பொருந்துச்சு. உங்க தம்பி மனைவியோடது அந்த அம்மாவுக்குப் பொருந்துச்சு. ரெண்டு குடும்பமும் கைமாத்திக் கொடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. சொந்த அக்காவே தயாராயிட்டு இருக்காங்க, தேவையில்லன்னு நான்தான் சொன்னேன். நான்தான் அக்கா சொன்னேன்."

"இப்போ..." என்றாள் தராசக்கா. "இப்போ அவங்களைக் கேட்கலாமா?"

"அவங்களுக்கு வேற குடும்பம் கிடைச்சிடுச்சு. போன வாரம் ஆபரேஷன் முடிஞ்சு போச்சு."

"டாக்டர், எனக்கு இன்னும் நாலு வாரம் கொடுங்க. இங்கேயே படுத்துக்கறேன். நீங்க கொடுக்கறதை மட்டும் சாப்பிடறேன். கையைக் காலைக் கட்டிப் போடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நாலாவது வாரம் வந்து எடை இறங்கலைன்னு சொல்லியிருந்தா, எனக்கு ரெண்டு வழி இருந்தது. இப்போ உங்க தம்பிக்குக் கிருமி ரத்தத்துல கலந்திடுச்சு. சிறுநீரகமும் நிக்கப் பார்க்குது. நாலு வாரம் இல்லம்மா, ரெண்டு வாரமே உறுதியா சொல்ல முடியாது. இனி கல்லீரல் கிடைச்சாலும் அவர் ஆபரேஷன் தாங்கற நிலைமையில இல்ல."

லிப்ட் வேலை செய்தும் அவள் படியில்தான் ஏறினாள். நாலு மாடி. முழங்கால் ஒவ்வொரு படியிலும் கத்தியது, கத்தட்டும் என்று ஏறினாள்.

நாலாவது மாடி வராந்தாவில் தம்பி மனைவி நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், தலை வாரி இரண்டு நாள் இருக்கும். அவளைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"எவ்வளவு அண்ணி?"

"எழுபத்துமூணு புள்ளி ரெண்டு."

"ஐயோ, சாதிச்சுட்டீங்க அண்ணி!" என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எப்போ ஆபரேஷன்? டாக்டர் தேதி சொன்னாரா?"

தராசக்கா அந்தக் கையை விடுவித்துக்கொண்டாள். சுவரோரம் இருந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்துச் சொன்னாள். குறைத்துச் சொல்லவில்லை. அந்த இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை தம்பி மனைவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியாத பாஷையைக் கேட்பதுபோல.

"நான் கொடுத்திருக்கலாமா?" என்று கேட்டாள் கடைசியில். "யாரோ ஒரு அம்மாவுக்கு நான் கொடுத்து, அவருக்குக் கிடைச்சிருக்குமா?"

"ம்."

"எனக்கு உடம்புல ஒரு குறையும் இல்ல அண்ணி. அம்பத்தஞ்சு கிலோதான். நாளைக்கே படுன்னா படுத்திருப்பேன்."

"தெரியும்மா."

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் போன் பண்ணினேனே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இறங்கலடி, என்னால முடியல'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவன் சாப்பிட மாட்டேன்னு சொன்னியேம்மா..."

"நான் சொன்னதாலயா?" தம்பி மனைவி எழுந்து நின்றாள். "இதையும் என் தலையில கட்டறீங்களா?"

"இல்லம்மா. இல்ல. என் தப்புதான். நான் பண்ணினதுதான்."

அடித்திருந்தால் தராசக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். தம்பி மனைவி அடிக்கவில்லை, கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வண்டிகள் நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. காலையில இருந்து உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. உள்ளே வாங்க. வந்து அந்த நம்பரைச் சொல்லுங்க."

"என்னால முடியாதும்மா."

"ஆறு வாரமா முடிஞ்சுதுல்ல? இன்னிக்கும் முடியும். வாங்க."

அறைக்குள் தம்பி தலையணைகளில் சாய்ந்து கிடந்தான். கண் முழுக்க மஞ்சள். வயிறு மட்டும் மேடாக, கையும் காலும் குச்சியாக. பக்கத்து மேஜையில் மருத்துவமனைத் தட்டு, சூப், நாலு துண்டு ரொட்டி. எதையும் தொடவில்லை.

"அக்கா வந்தாச்சா?" உதடு மெல்லப் பிரிந்தது. "நம்பர் சொல்லு."

அவள் கட்டிலருகே நின்றாள். எதிரே தம்பி மனைவி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்துமூணு புள்ளி ரெண்டு" என்றாள் தராசக்கா.

"அடேயப்பா." சிரிக்க முயன்று இருமினான். "பிஸ்கட் திருடி! கடைசியில ஜெயிச்சுட்டியே. எப்போ வெட்டப் போறாங்க நம்ம ரெண்டு பேரையும்?"

"சீக்கிரம்டா."

"சீக்கிரம்னா?"

"ஒரு வாரம், பத்து நாள். முதல்ல உன் காய்ச்சல் இறங்கணுமாம்."

"இறங்கிடும்." கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான். "ஆனா நீ என்ன இப்படி ஆயிட்டே? கன்னம் ஒட்டிப் போய், உதடெல்லாம் வெடிச்சுப் போய். என்னைவிட நோயாளி மாதிரி இருக்கே. போதும், எடைதான் வந்தாச்சே. இதைச் சாப்பிடு முதல்ல."

"உனக்கு வச்சதுடா. நீ சாப்பிடு."

"நீ சாப்பிடறதைப் பார்த்தா நானும் சாப்பிடறேன். எட்டு வாரமா எனக்காகப் பட்டினி கிடந்திருக்கே." மனைவி பக்கம் தலையைத் திருப்பினான். "அக்காவுக்குக் கொடு."

தம்பி மனைவி தட்டை எடுத்தாள். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து, சூப்பில் நனைத்து, நாத்தனாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணி" என்றாள். "இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்."

தராசக்கா வாயைத் திறந்தாள். ரொட்டி நாக்கில் கரைந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்த வயிறு, வெட்கமில்லாமல், அடுத்த துண்டுக்காக எம்பியது. அதை அவள் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டாவது துண்டு வந்தது. வாங்கிக்கொண்டாள். மூன்றாவதும் வந்தது.

தம்பி தலையணையில் சாய்ந்தபடி, அக்கா சாப்பிடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.